ஸ்டாலினுக்கு ஐந்நூறு ரூபிள்

பெருந்துறையில் எங்கள் வீட்டிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம். நான் மருத்துவம் படிக்கப் போனது வோல்கோகிராடுக்கு. நீட் மதிப்பெண் ஒரு பக்கம், தனியார் கல்லூரிக் கட்டணம் மறுபக்கம் என்று நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் கொங்கு நாட்டில் ஊருக்கு நாலு இருக்கும். ஈரோடு, திருப்பூர், கோவை என்று எந்தப் பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்றாலும் 'ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ்.' என்ற பலகை கண்ணில் படும். பலகையில் தவறாமல் வண்ண வண்ணமாய் அந்த வெங்காயக் கோபுரங்கள். கோபுரம் இருப்பது மாஸ்கோவில், பிள்ளையைச் சேர்க்கப்போகும் கல்லூரி அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி என்பதைப் பலகை சொல்லாது. நான்காம் ஆண்டுத் தேர்வு முடிந்து, 2024 ஜூலையில்தான் அந்தக் கோபுரங்களை நேரில் பார்க்கக் கிளம்பினேன்.

கூட வந்தவள் உடுமலைப்பேட்டைக்காரி. விடுதியில் எல்லோரையும் ஊர்ப் பெயர் சொல்லியே கூப்பிடுவது வழக்கம் என்பதால் அவளை உடுமலை என்றே எழுதுகிறேன். அவள் முதலில் சேர்ந்தது உக்ரைனில், கார்கிவ் நகரத்தில். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது 2022 பிப்ரவரி வந்தது. மெட்ரோ சுரங்கத்தில் பதுங்கியிருந்து, எப்படியோ எல்லை தாண்டி, மீட்பு விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தாள். விட்ட படிப்பைத் தொடர அவளுக்குக் கிடைத்த இடம் ரஷ்யா. எந்த நாட்டின் குண்டுக்குப் பயந்து ஓடினாளோ அதே நாட்டில் கட்டணம் கட்டிப் படிக்கிறாள். இதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. கேட்டால், "சீட்டு இங்கதான இருந்துச்சு" என்பாள்.

கொங்கு நாட்டுக்கும் ரஷ்யாவுக்கும் உறவு எங்கள் தலைமுறையில் தொடங்கியதல்ல. 1931 டிசம்பரில் ஈரோட்டுக்காரர் ஒருவர் சென்னையில் கப்பலேறினார். மறு ஆண்டு சோவியத் நாட்டில் சில மாதங்கள் சுற்றினார், மாஸ்கோவில் மே தின அணிவகுப்பைப் பார்த்தார், நவம்பரில் ஈரோடு திரும்பினார். திரும்பிய கையோடு சிங்காரவேலரை வரவழைத்துச் சமதர்மத் திட்டம் போட்டார். பெரியாரின் அந்தப் பயணத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வைக்கிற வழக்கம் வந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்த என் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, ரஷ்யா என்றால் புத்தகம். நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியில் நாலைந்து ரூபாய்க்குக் கெட்டி அட்டைப் புத்தகம் வாங்கி வருவார். 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில்தான் அம்மாவின் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை. எங்களுக்கு ரஷ்யா என்றால் மருத்துவப் பட்டம்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ரஷ்யாவிலிருந்து எதையாவது எடுத்து வரத்தான் நம் ஊர்க்காரர்கள் எப்போதும் போயிருக்கிறார்கள்: கொள்கை, புத்தகம், பட்டம். அங்கே இருக்கிற ஆட்களைப் பார்க்கவென்று யாரும் போனதாகத் தெரியவில்லை. நானும் அத்தனை செமஸ்டர் விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவில்தான் கழித்திருந்தேன்.

வோல்கோகிராடைப் பற்றிச் சொல்லாமல் ரயிலேற முடியாது. ஆற்றங்கரையோரமாகவே எண்பது கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் ஊர். பனிக்கால ரஷ்யாவை மனத்தில் வைத்துக்கொண்டு ஜூலையில் வந்தால் ஏமாந்துபோவீர்கள். பெருந்துறைச் சித்திரை வெயில்தான். சென்னைக்கும் இந்த ஊருக்கும் 1960களிலிருந்தே சகோதர நகர ஒப்பந்தம் உண்டு. ஆனால் இங்கே தமிழ் மாணவர்களுக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது வோல்காவில் இறங்கக் கூடாது என்பது. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவ மாணவர்கள் நால்வர் இந்த ஆற்றில் போய்விட்டார்கள். வாய்க்காலிலும் கிணற்றிலும் நீச்சல் பழகிய தைரியம் வோல்காவில் செல்லாது. கரையில் பார்த்தால் குளம்போலச் சலனமில்லாமல் இருக்கும், அடியில் இழுப்பு அப்படி.

ஊரின் நடுவே மமாயெவ் குர்கான் குன்று. 1942 ஜூலையிலிருந்து 1943 பிப்ரவரி வரை, இருநூறு நாள் நடந்த ஸ்டாலின்கிராட் சண்டையின் நினைவாக இருநூறு படிகள். உச்சியில் வாளோங்கி நிற்கும் தாய்நாட்டுச் சிலை, வாள் நுனிவரை 85 மீட்டர், 1967-இல் திறந்தது. முப்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் புதைத்த மண் அது. முதலாண்டு மாணவர் எல்லோரையும் கூட்டிப்போவார்கள். ஏறும் வழியில் இருபுறமும் இடிந்த சுவர்களைப்போல் செதுக்கியிருப்பார்கள். அவற்றுக்குள்ளிருந்து துப்பாக்கிச் சத்தம், பழைய வானொலி அறிவிப்பு, போர்க்காலப் பாட்டு எல்லாம் ஒலிபெருக்கியில் வரும். உடுமலையை நாங்கள் முதன்முறை கூட்டிப்போனபோது அந்தச் சுவர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். சத்தம் கேட்டதும் நின்றாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படியிறங்கி, கீழே ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அதற்கப்புறம் அந்தக் குன்றுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

மாஸ்கோவுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள். மாணவர் போவது பிளாட்ஸ்கார்ட் என்கிற திறந்த படுக்கைப் பெட்டி. ஐம்பத்து நாலு படுக்கை, தடுப்பு கிடையாது. நம் ஸ்லீப்பர் கோச்சுக்கு உறவு என்றாலும் ஒழுங்குமுறை வேறு. பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் அம்மா; டிக்கெட் பார்ப்பதும் அவர், விரிப்பு கொடுப்பதும் அவர், கழிவறை சுத்தமும் அவர், சத்தம் போட்டால் அதட்டுவதும் அவர். ஏறியதும் எல்லோரும் செருப்புக்கும் வீட்டு உடைக்கும் மாறிவிடுவார்கள். பெட்டியின் கடைசியில் எந்நேரமும் கொதிக்கும் வெந்நீர்க் கொப்பரை. இரும்புப் பிடி போட்ட கண்ணாடித் தம்ளரில் டீ. பாதிப் பெட்டி டோஷிராக் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கும்.

எதிர்ப் படுக்கையில் அறுபது தாண்டிய ஒரு அம்மா. ரயில் நகர்ந்த ஐந்தாவது நிமிடத்தில் செய்தித்தாளை விரித்து அவித்த முட்டை, வெள்ளரிக்காய், கட்டு கட்டாகச் சதகுப்பைக் கீரை, உப்புப் பொட்டலம் எல்லாம் எடுத்து வைத்தார். எங்களையும் சாப்பிடச் சொன்னார். சொன்னார் என்பது தவறு. ஆளுக்கொரு முட்டையை உரித்துக் கையில் திணித்தார். நாங்கள் ஊரிலிருந்து வந்த கடலை உருண்டையை நீட்டினோம். கடித்துப் பார்த்துவிட்டு, இதே பதத்தில் சூரியகாந்தி விதையில் தானும் செய்வதாகச் சொல்லி, வெல்லமா சர்க்கரையா, பாகு எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று விசாரித்தார். பிறகு வழக்கமான கேள்விகள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் உங்கள் வீட்டில், ஏன் தொப்பி போடாமல் குளிரில் அலைகிறீர்கள். கடைசிக் கேள்வி ஜூலையிலும் வரும். ரஷ்யப் பாட்டிகளுக்கு எங்கள் தலை எப்போதும் வெறுந்தலைதான். பஸ்ஸில் முன்பின் தெரியாத பாட்டி என் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டது உண்டு.

"இதுக்கு முன்னாடி எங்கே படிச்சே?" என்று உடுமலையைக் கேட்டார், அவளுடைய ரஷ்ய உச்சரிப்பில் ஏதோ வித்தியாசம் பட்டிருக்க வேண்டும்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு, "கார்கிவ்" என்றாள்.

அந்த அம்மா வெள்ளரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. தன் அக்கா கார்கிவில் சால்திவ்கா பகுதியில் இருக்கிறாள் என்றார். நாற்பது வருடமாக அங்கேதான். சண்டை தொடங்கிய முதல் வாரம் போனில் பேசியபோது தொலைக்காட்சியில் சொன்னதை இவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார், அங்கெல்லாம் யாரும் வீடுகள்மேல் சுடவில்லை என்று. அக்கா போனை வைத்தவள் பிறகு எடுப்பதில்லை. "நீ அங்கே இருந்தியே, சால்திவ்கா எப்படி இருந்தது?" என்று நேராகக் கேட்டார். உடுமலை தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அடுக்குமாடிகளின் ஜன்னல்கள் போனது, தண்ணீருக்கு வரிசையில் நின்றது, மெட்ரோ நடைமேடையில் படுத்தது. அரை மணி நேரத்துக்குமேல் போயிற்று. மேல் படுக்கையில் இருந்த இளைஞன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவரும் குறுக்கே பேசவில்லை, மறுத்தும் பேசவில்லை. இறங்குமுன் அந்த அம்மா அக்காவின் எண்ணை உடுமலையிடம் எழுதிக்கொடுத்தார். "நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா. நீ இந்திய நம்பர்ல இருந்து கூப்பிடு. உயிரோட இருக்காளான்னு மட்டும் கேளு."

அந்த வேலை பற்றிப் பிறகு ஒன்றும் எழுதுவதற்கில்லை. அது அவர்கள் குடும்பத்து விஷயம்.

மாஸ்கோவில் பாவெலெத்ஸ்கி நிலையத்தில் இறங்கி மெட்ரோவுக்குள் நுழைந்ததுமே ஒரு காவலர் கை காட்டி நிறுத்தினார். அந்த மார்ச்சில் குரோகஸ் அரங்கில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்ததிலிருந்து வெளிநாட்டு முகங்களுக்குச் சோதனை கூடிவிட்டது. பாஸ்போர்ட், குடியேற்ற அட்டை, தங்கும் பதிவுச் சீட்டு மூன்றும் கையில் இருந்தால் பயமில்லை. எங்களை இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற தாஜிக் இளைஞனை விடவில்லை. பையைக் கொட்டச் சொன்னார்கள். உள்ளேயிருந்து ஒரு கொத்தனார்க் கரண்டியும் மட்டக்கோலும் சில்லறை உருப்படிகளும் விழுந்தன. வெளிநாட்டவரிலும் இங்கே படிநிலை உண்டு, இந்திய மாணவர் அதில் மேல்படி. ஆனால் வாடகைக்கு வீடு தேடினால் அந்த மேல்படி காணாமல் போகும். 'ஸ்லாவியருக்கு மட்டும்' என்று வெளிப்படையாகவே விளம்பரம் போடுவார்கள். எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இல்லை. கோவையில் வீடு பார்க்கப் போனவர்களிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்களே, அதைவிட இவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள்.

மெட்ரோவை வர்ணித்து எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1938-இல் திறந்த புரட்சிச் சதுக்க நிலையத்தில் 76 வெண்கலச் சிலைகள். அதில் எல்லைக் காவல்காரனின் நாய் மூக்கைத் தடவினால் தேர்வில் தேறலாம் என்று மாணவர் நம்பிக்கை. மூக்கு பளபளவென்று தங்கமாய்த் தேய்ந்திருக்கிறது. வேலைக்கு ஓடுகிறவர்கள்கூட நடை நிற்காமல் ஒரு தடவு தடவிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் நின்று நிதானமாகத் தடவினோம். ஊர் திரும்பினால் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான எஃப்.எம்.ஜி.இ. இருக்கிறது, முந்நூற்றுக்கு நூற்றைம்பது எடுக்க வேண்டும், எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. பெரியார் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை நாய் மூக்கைத் தடவலாமா என்று கேட்டால், எழுதிப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் என்பேன்.

செஞ்சதுக்கத்துக்குள் நுழையும் இவெர்ஸ்கி வாயிலுக்கு முன்னால் தரையில் ஒரு வெண்கலத் தகடு, ரஷ்யச் சாலைகளுக்கெல்லாம் பூஜ்ய கிலோமீட்டர். அதில் நின்று தோளுக்குப் பின்னால் காசு எறிந்தால் நினைத்தது நடக்குமாம். எறிகிற காசு தரையில் விழுந்த மறுகணம் பொறுக்கிக்கொள்ளச் சுற்றிலும் நாலைந்து முதியவர்கள். சிலர் உருளும் காசைக் காலால் அமுக்குகிறார்கள். அதைத் தாண்டினால் லெனினும் ஸ்டாலினும் நிற்கிறார்கள். வேடமிட்டவர்கள்தான். படம் எடுத்துக்கொள்ள ஆளுக்கு ஆயிரம் ரூபிள் என்று ஆரம்பித்தார்கள். உடுமலை சந்தையில் தக்காளி பேசுகிற மாதிரி பேசினாள். லெனின் முந்நூறுக்கு இறங்கினார். ஸ்டாலின் ஐந்நூறுக்குக் கீழே வர மாட்டேன் என்றுவிட்டார்.

"எங்க மாநில முதலமைச்சர் பேரே ஸ்டாலின்" என்றேன், சலுகை கிடைக்குமா என்று.

நம்பவில்லை. போனில் படத்தோடு காட்டினேன். 1953 மார்ச் முதல் தேதி பிறந்த குழந்தை, சில நாளில் அங்கே ஸ்டாலின் இறந்த செய்தி வந்தது, அப்பா இரங்கல் கூட்டத்திலேயே பெயரை வைத்தார் என்று தெரிந்த ரஷ்யனில் சொல்லி முடித்தேன். ஸ்டாலின் மீசையைத் தடவிக்கொண்டு லெனினைக் கத்திக் கூப்பிட்டார். "விளாதிமிர் இலியிச், இங்கே வா! இந்தியாவில நான் தேர்தல்ல ஜெயிச்சிருக்கேன்!" இருவரும் என் போன் திரையைத் தங்கள் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். அப்புறமும் ஐந்நூறுதான். வோல்கோகிராட் விமான நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் ஸ்டாலின்கிராட் என்று பெயர் சூட்டிய செய்தியைப் படித்தபோது அந்த மனிதர் விலையை ஏற்றியிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது.

நாங்கள் போன அன்று அசல் லெனின் இலவசம். காலை பத்திலிருந்து ஒரு மணிவரை. கையைப் பையிலிருந்து எடு, தொப்பியைக் கழற்று, பேசாதே, நிற்காதே. சிவப்பும் கறுப்புமான கிரானைட் கட்டடம் 1930-இல் முடிந்தது, ஆகவே பெரியார் மாஸ்கோவில் இருந்தபோது அது புத்தம் புதுசு. படியிறங்கினால் இருட்டு, குளிர். கண்ணாடிக்குள் எதிர்பார்த்ததைவிடச் சின்ன உருவம். வலது கை முஷ்டி மடக்கியிருக்கிறது, இடது கை தளர்ந்து விரிந்திருக்கிறது. பக்தியோடு வருகிறவர்கள் என்ன பார்ப்பார்களோ, மருத்துவ மாணவர் இருவரும் பார்த்தது தோலை. உடற்கூற்று அறையில் ஃபார்மலினில் ஊறிக் கறுத்துத் தோலாகிப்போன உடல்களோடு எத்தனையோ மணி நேரம் கழித்தவர்கள் நாங்கள். நூறு வருடம் ஆன உடலில் இந்த நிறம் எப்படி நிற்கிறது?

வெளியே வந்ததும் உடுமலைதான் சொன்னாள். 1924-இல் லெனின் உடல் கெடத் தொடங்கியபோது, அதைக் காப்பாற்ற மாஸ்கோ அழைத்தது கார்கிவ் உடற்கூற்றியல் பேராசிரியர் விளாதிமிர் வொரோபியோவை. வேதியியலாளர் ஸ்பார்ஸ்கியோடு சேர்ந்து சில மாதம் உழைத்து அவர் கண்டுபிடித்த முறைதான் இன்றுவரை. "எங்க காலேஜ்ல மொத வருசத்துலயே அவரப் பத்திச் சொல்லிக் குடுத்தாங்க புள்ள. அந்த லேபுக்கு ஜன்னல் இருக்குதான்னு இப்பத் தெரீல." இவ்வளவு நாளில் அவள் 'எங்க காலேஜ்' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான், அதுவும் கார்கிவைத்தான் சொன்னாள்.

மாஸ்கோவில் என் சொந்த யாத்திரைத் தலம் ஒன்று இருந்தது. அப்பிச்சியின் புத்தகங்கள் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும்: மொழிபெயர்ப்பையும் அமைப்பையும் பற்றிக் கருத்து எழுதுங்கள், முகவரி முன்னேற்றப் பதிப்பகம் (ரஷ்யனில் ப்ரக்ரெஸ்), ஜூபவ்ஸ்கி புல்வார் 17, மாஸ்கோ. பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கி உட்கார்ந்து மொழிபெயர்த்த காலம். 1982-இல் இலக்கியத்துக்கென்று ராதுகா பதிப்பகம் தனியாகப் பிரிந்தது. 1991-க்குப் பிறகு தமிழ்ப் புத்தகம் நின்றுபோனது. சின்னியம்பாளையம் தியாகிகள் நினைவு நாளான ஜனவரி எட்டு தவிர, அப்பிச்சி வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டுகிற இன்னொரு நாள் அந்த முகவரிக்குக் கடிதம் போடத் தபாலாபீஸ் போகிற நாள்தான் என்று அம்மா கேலி செய்வாள். ஒருமுறை புத்தாண்டு வாழ்த்து அட்டையே பதிலாக வந்திருக்கிறது.

பார்க் கல்தூரி மெட்ரோ நிலையத்தில் இறங்கி வெளியே வந்து, எட்டு வரிசை வண்டி ஓடும் வளையச் சாலையோரம் நடந்து போனோம். கனமான, பெரிய அலுவலகக் கட்டடம். வாசலில் காவலாளி.

"யாரைப் பார்க்கணும்?"

"ப்ரக்ரெஸ்."

"இதுதான் ப்ரக்ரெஸ். எந்த கம்பெனி?"

புத்தகம், தமிழ், என் தாத்தா என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விட முடியாது, எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்தேன். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பலகையைக் காட்டினேன்.

"உள்ள உட்டாங்களா?"

"இல்லம்மா."

"அப்பறம் என்னத்தப் பாத்த?"

நியாயமான கேள்வி. கிரெம்ளினுக்கு எதிரே மொகவாயா தெருவில், மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கல்லூரிக்கு முன்னால் நின்றபோதும் அதையேதான் கேட்டிருப்பாள். அலெக்சாண்டர் துபியான்ஸ்கி அங்கேதான் பல ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தார், சங்கப் பாடல்களை ஆராய்ந்தார். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக்கு வந்திருந்தார். அந்த மாநாடு எங்களுக்கெல்லாம் அவினாசி ரோட்டில் போட்ட விளக்குகளாகத்தான் நினைவிருக்கிறது. 2020 நவம்பரில் கொரோனாவில் இறந்துபோனார். கோடை விடுமுறை என்பதால் கல்லூரிக் கதவு பூட்டியிருந்தது.

மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போனோம். அழகான ஊர், அழகான ஊர்களைப் பற்றி எழுதுவது சலிப்பு. இரவு பதினொரு மணிக்கும் வானம் வெளுப்பாக இருந்தது. நள்ளிரவு தாண்டி நேவா ஆற்றுப் பாலங்களைத் தூக்கும்போது கரையெல்லாம் கூட்டம். எங்கள் விடுதி அக்கரையில் என்பது பாலம் மேலே போன பிறகுதான் உறைத்தது, விடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். சந்தையில் உலர்பழம் விற்ற அஜர்பைஜான்காரர் எங்களைப் பார்த்ததும் 'டிஸ்கோ டான்சர்' பாட்டை இடுப்பசைத்துப் பாடினார். மிதுன் சக்கரவர்த்தி நடித்த அந்தப் படம் சோவியத் நாட்டில் ஓடிய ஓட்டத்தில், இன்றைக்கும் இந்திய முகம் கண்டால் அந்த வயதுக்காரர்கள் ஒரு அடியாவது பாடாமல் விடுவதில்லை. நாங்கள் பிறப்பதற்கு இருபது வருடம் முந்தைய படம். ஆனால் கால் கிலோ வாதுமை கூடக் கிடைத்தது.

குன்ஸ்ட்கமெராவுக்காகவே இந்த ஊருக்கு வரலாம். பேரரசர் பீட்டர் 1714-இல் தொடங்கிய அருங்காட்சியகம். டச்சுக்காரர் ரூயிஷ் பதப்படுத்திய உடலுறுப்புகளை மொத்தமாக 1717-இல் விலைக்கு வாங்கினார். கண்ணாடிக் குடுவையில் ஒரு குழந்தையின் கை, மணிக்கட்டில் லேஸ் வைத்துத் தைத்த சட்டைக் கை. முந்நூறு வருடமாக அந்த விரல் நகம் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல் பாட்டி, மற்றவர்கள் முகம் சுளித்துத் தாண்டிப்போக நாங்கள் மட்டும் குனிந்து நெடுநேரம் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். மருத்துவ மாணவரா என்று கேட்டார். எந்த நாடு என்று கேட்டார். பிறகு, "உங்க சாமான்லாம் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார்.

எங்கள் சாமான்கள் இருந்த பக்கத்தில்தான் மெர்வார்ட் தம்பதியரின் பெயரைக் கண்டோம். அலெக்சாண்டரும் லுத்மிலாவும் 1914-இல் இந்த அருங்காட்சியகத்துக்காக இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பொருள் திரட்டப் புறப்பட்டவர்கள். உலகப் போரும் புரட்சியும் குறுக்கிட, 1918 வரை அங்கேயே இருந்தார்கள். ஊர் திரும்பிய அலெக்சாண்டர் தமிழ்ப் பேச்சுமொழிக்கு ரஷ்யனில் இலக்கணம் எழுதினார்; 1929-இல் லெனின்கிராடில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, கல்வியாளர்கள்மேல் போட்ட வழக்கில் கைதானார். 1932-இல் வடக்கே ஒரு தொழிலாளர் முகாமில் இறந்தார்.

அந்த ஆண்டை நான் இரண்டு முறை படித்தேன். ஈரோட்டுக்காரர் இந்த நாட்டில் சுற்றிய அதே 1932. பார்த்துப் பூரித்ததில் பெரியார் ஏமாந்தார் என்று சொல்ல வரவில்லை. எழுத்தறிவு, பெண்கள் வேலைக்குப் போவது, கோயில் ஆதிக்கம் ஒழிந்தது என்று அவர் தேடிப்போனவை அங்கே இருக்கத்தான் செய்தன. ஆனால் நம் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய மனிதர் முகாமில் செத்துக்கொண்டிருந்ததை விருந்தாளிக்கு யார் காட்டுவார்கள்? எதையும் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த மண்ணில், ரஷ்யாவை மட்டும் கேள்வி கேட்காமல் ஐம்பது அறுபது வருடம் நேசித்தோம். அப்பிச்சியின் அலமாரியில் இருந்த எந்தப் புத்தகத்திலும் மெர்வார்ட் பெயர் இல்லை. அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். கடைசியில், முகவரி கொடு, கடிதம் போட்டுக் கேட்கிறேன் என்றும் சொல்லியிருப்பார்.

திரும்பும் ரயிலில் பக்கவாட்டுப் படுக்கை கிடைத்தது. தம்போவில் இறங்கவேண்டிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எங்கள் பேச்சை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று, "காரம் வேண்டாம்" என்றார். சுத்தமான தமிழ். நாங்கள் திடுக்கிட்டுத் திரும்பியதும், "ஒரு டீ. சக்கரை கம்மி" என்று தொடர்ந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். வெல்டர். 2012-இல் கூடங்குளத்தில் வேலை. செட்டிகுளம், நாகர்கோவில், நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் வரிசையாக வந்தன. வெயிலைப் பற்றிப் புகார் இல்லை, கரண்டைப் பற்றித்தான். "நாங்க அணுமின் நிலையம் கட்டறோம், டீக்கடையில விசிறி சுத்த மாட்டேங்குது!"

"நீங்க சீக்கிரம் கட்டிருந்தா எங்களுக்கும் கரண்ட் வந்திருக்கும்" என்றாள் உடுமலை. அந்த வருட மின்வெட்டு கொங்குப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஃபவுண்டரியும் விசைத்தறியும் நின்று, வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாய்ப்பாடு படித்தவர்கள் நாங்கள்.

"நாங்க ரெடி. ஊர்க்காரங்கதான் வாசல்ல உட்கார்ந்துட்டாங்க. அவங்க பயமும் நியாயம்தான்" என்றார். செர்னோபில் தெரிந்தவர்கள் பேச வேண்டிய விதத்தில் பேசினார்.

பெருந்துறையிலிருந்து செட்டிகுளம் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். நானூறு கிலோமீட்டர் என்றேன். "பக்கம்தான்" என்று சட்டைப் பையைத் துழாவி இருநூறு ரூபிள் தாளை எடுத்தார். அவசரமாகக் கிளம்பியதில் ஒரு டீக்கடையில் கணக்கு பாக்கி நின்றுவிட்டதாம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, நீலக் கதவு, கடைக்காரருக்கு ஒரு பல் தங்கம். ரூபிளை வைத்துக்கொண்டு டீக்கடைக்காரர் என்ன செய்வார் என்று நான் தயங்கினேன். உடுமலை வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டாள். "ஊருக்குப் போறப்ப கன்னியாகுமரி டூர் ஒண்ணு போட்டுரலாம் புள்ள. மாத்திக் குடுத்தாப் போச்சு."